நங்கூரம் பொறித்த தங்கம்

1996ஆம் ஆண்டு ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலைப்பொழுதில், திருவாரூரில் நான் பணியாற்றிய வங்கிக் கிளையின் நகைக்கடன் மேசைக்கு, கூத்தாநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்தார். சுருக்குப் பையை அவிழ்த்து, இரண்டு வளையல்களையும், தோல்வார் இற்றுப்போன ஒரு கைக்கடிகாரத்தையும் மேசைமீது வைத்தார். “பினாங்குலேருந்து கொண்டாந்தாரு தம்பி. தோட்டத்துல கிராணியா இருந்தப்போ துரை குடுத்ததாம். இங்கிலீஷ் தங்கம்னு சொல்லுவாரு” என்றார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்.

எங்கள் கிளையின் நகை மதிப்பீட்டாளரை நாங்கள் பத்தர் என்றே அழைப்போம். அவர் வளையல்களை எடை போட்டுவிட்டுக் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். விளிம்பில் கத்தி முனையைக் கொடுத்துப் பின்மூடியைத் திறந்தார். ஓரத்தை உரைகல்லில் மெல்ல ஓர் இழுப்பு இழுத்து, அந்தக் கோட்டின்மேல் திராவகத்தைத் தொட்டு வைத்தார். கோடு கண்ணெதிரே கரைந்து மறைந்தது. “நாலு மாத்துக்கூடத் தேறாது சார். இதைத் தங்கம்னு எழுதினா என் கைக்குக் கெட்ட பேரு” என்று சொல்லி, மூடியின் உட்புறத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அங்கே வரிசையாகச் சில பொடி முத்திரைகள் இருந்தன. அவற்றில் என் கண்ணில் பட்டது ஒரு நங்கூரம் மட்டுமே. ஒமேகா என்று எழுதியிருந்த முகப்பில், ஒன்பதாம் எண்ணுக்கு அருகே, எண்ணெய் சொட்டிக் காய்ந்ததுபோல் ஒரு பழுப்புப் புள்ளி இருந்ததும் நினைவில் நின்றது.

“இதற்கு மதிப்பில்லை அம்மா, வளையலுக்கு மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று நான்தான் சொன்னேன். அவரும் மறுபேச்சின்றிக் கடிகாரத்தைச் சுருக்குப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அன்று நான் சொன்னது எத்தனை பெரிய பிழை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று என்னிடம் இருக்கும் ஏழு கடிகாரங்களும் அந்தப் பிழையின் வட்டி என்றே வைத்துக்கொள்ளலாம்.

பத்தர் சொன்ன கணக்கில் தவறில்லை. சொக்கத் தங்கத்தைப் பத்தரை மாற்று என்று கொண்டால், நூற்றுக்கு முப்பத்தேழரைப் பங்கே தங்கம் உள்ள ஒன்பது காரட், நான்கு மாற்றுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். 22 காரட்டுக்குக் கீழே எதையும் தங்கமென்று ஒப்புக்கொள்ளாத நம் ஊரில், அது பித்தளைக்கு அண்ணன் முறை. ஆனால் இங்கிலாந்தில் 1854ஆம் ஆண்டிலேயே ஒன்பது காரட்டைச் சட்டப்படியான தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். செம்பும் வெள்ளியும் மிகுதியாகக் கலந்திருப்பதால் அது 22 காரட்டைவிடக் கடினமானது. நாள்தோறும் மேசையிலும் கதவிலும் உரசுகிற கைக்கடிகாரக் கூட்டுக்கு அந்தக் கடினம் தேவை. நம் நாட்டிலும் 2025இல் ஒன்பது காரட்டை ஹால்மார்க் முத்திரைக்கு உரிய தரங்களில் சேர்த்துவிட்டார்கள். பத்தர் இருந்திருந்தால் அதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்வேன்.

கடைக்காரர்கள் கேஸ் என்பதை நான் கூடு என்றே எழுதுகிறேன். உள்ளே ஓடுவதை அவர்களைப் போலவே மெஷின் என்கிறேன். அதற்கு அதைவிடப் பொருந்தும் பெயர் எனக்கு அகப்படவில்லை.

நான் சேர்ப்பவை ஒரே வகைக் கடிகாரங்கள்தாம்: மெஷின் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டது, தங்கக் கூடு இங்கிலாந்தில் செய்யப்பட்டது. வைரத்தோட்டுக்குக் கல்லை மட்டும் வெளியூரில் வாங்கிவந்து, உள்ளூர்ப் பத்தரிடம் கட்டிக்கொள்கிற வழக்கம் போன்றதுதான் இது. ஆனால் இங்கிலாந்தில் இவ்வழக்கத்தை வேரூன்றச் செய்தவற்றில் வரிக்குப் பெரும் பங்கு உண்டு. முதல் உலகப் போரின்போது, 1915இல், நிதியமைச்சராக இருந்த ரெஜினால்டு மெக்கென்னா, மோட்டார் கார், இசைக்கருவி, கடிகாரம் முதலிய ஆடம்பரப் பொருள்களின் இறக்குமதிக்கு மூன்றில் ஒரு பங்கு வரி போட்டார். போர்க்காலத்துக்கு மட்டும் என்று சொல்லி வந்த வரி அது. போர் முடிந்தும் போகவில்லை. 1924இல் நீக்கினார்கள், அடுத்த ஆண்டே சர்ச்சில் நிதியமைச்சராக வந்து மறுபடியும் போட்டார். பொருளின் மதிப்பின்மேல் வரி என்றால், தங்கக் கூட்டோடு வருகிற கடிகாரத்தில் தங்கத்தின் விலைக்கும் சேர்த்தே வரி கட்டியாக வேண்டும். ஆகவே மெஷினையும் முகப்பையும் முள்ளையும் மட்டும் தருவித்துக் கூட்டை உள்ளூரிலேயே செய்துகொள்வது வணிகர்களுக்கு லாபமாக இருந்தது. லண்டனில் தொழில் தொடங்கிய ரோலெக்ஸின் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1919இல் ஜெனிவாவுக்கு இடம்பெயர்ந்ததற்கும் இந்த வரிகளை ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

அந்தக் கூடுகளைச் செய்தவர்களுள் முதன்மையானது பர்மிங்காமின் டென்னிசன் நிறுவனம். அதை நிறுவிய ஆரன் டென்னிசன் ஓர் அமெரிக்கர், 1812இல் பிறந்தவர். கடிகாரத்தின் உறுப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தும்படி எந்திரத்தால் செய்ய முடியும் என்று நம்பி, பிற்காலத்தில் வால்தம் என்று பெயர்பெற்ற நிறுவனத்தைக் கூட்டாளிகளோடு தொடங்கியவர் அவர். 1857இல் அந்தத் தொழில் திவாலானது. அதை வாங்கிய புதிய உரிமையாளர்களிடமும் அவரால் நிலைக்க முடியவில்லை. சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து என்று அலைந்து, அறுபது வயதைத் தாண்டியபின் 1874இல் பர்மிங்காமில் கூடு செய்யும் தொழிலில் இறங்கினார். மெஷின் செய்யப் போய்த் தோற்றவருக்குக் கூடு கைகொடுத்தது. ஒமேகா, ரோலெக்ஸ், லாஞ்சின்ஸ், ஜேகர் லெகூல்ட்ர் என்று பெரிய பெயர்களெல்லாம் அந்தப் பட்டறையின் கூடுகளில் குடியிருந்திருக்கின்றன. பென்சன் என்ற லண்டன் கடையின் பெயர் தாங்கிய கடிகாரங்கள் சிலவற்றைத் திறந்தால், உள்ளே சீமா என்ற சுவிஸ் நிறுவனத்தின் மெஷினும் வெளியே டென்னிசன் கூடும் இருக்கும். 1967இல் அந்த நிறுவனம் மூடப்பட்டது.

இந்த வகைக் கடிகாரங்களைச் சேகரிப்பாளர்கள் பலர் ஒரு படி குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கூடும் மெஷினும் ஒரே ஆலையிலிருந்து சேர்ந்து வந்தால்தான் அசல் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது ஏற்புடையதன்று. இந்தக் கடிகாரங்களில் நான் நம்பிப் படிக்கிற பகுதி கூடுதான். முகப்பைப் புதிதாக எழுதிவிடலாம். மும்பையில் மறுவண்ணம் பூசிய முகப்புகள் இல்லாத கடிகாரச் சந்தையே நாட்டில் இல்லை. முள்ளை மாற்றலாம், கண்ணாடியை மாற்றலாம். ஆனால் தங்கக் கூட்டின் உட்புறத்தில், எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய பொறுப்பில், எத்தனை காரட்டில் என்ற நான்கையும் அரசாங்கச் சட்டத்தின் பேரில் பொறித்து வைத்திருக்கிறார்கள். நம் கோயில் கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சியாண்டைப் பொறிப்பதுபோல என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். பூதக்கண்ணாடியில் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

என்னிடம் உள்ள ஒன்றைத் திறந்தே காட்டுகிறேன். மயிலாடுதுறைப் பக்கத்து மிராசுக் குடும்பம் ஒன்றிலிருந்து 2009இல், என் நான்கு மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கியது. காலை வெளிச்சம் விழும் சன்னலோர மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து, கடிகாரத்தைக் குப்புற வைத்து, விளிம்பில் நகம் நுழையுமளவுக்கு இருக்கும் உதட்டில் மழுங்கிய கத்தியைக் கொடுத்து அழுத்தினால், மூடி சின்ன ஓசையோடு விடும். உட்புறம் இன்னும் பட்டறையிலிருந்து வந்த நாளின் மெருகோடு, கொன்றைப்பூ நிறத்தில் இருக்கிறது. நடுவில் டென்னிசன் என்ற பெயர். அதன் கீழே, ஒரு கட்டத்துக்குள் ஏ.எல்.டி. என்ற முதலெழுத்துகள், அடுத்து 9, அடுத்து.375, பிறகு நங்கூரம், கடைசியில் ஆங்கில வரிசையின் ஐந்தாம் எழுத்து. தங்கத்தின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்காம் சோதனைச்சாலை, ஆண்டுக்கோர் எழுத்தாக, 1950இல் புதிய வரிசையை முதல் எழுத்திலிருந்து தொடங்கியதால், ஐந்தாம் எழுத்து 1954ஐக் குறிக்கும். ஏ.எல்.டி. என்பது ஆரன் லஃப்கின் டென்னிசனின் சுருக்கம். அவர் 1895இல் இறந்துபோனார். இறந்து ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்துச் செய்த கூட்டுக்கும் அவருடைய பெயரே பொறுப்பேற்று நிற்கிறது.

கடலே இல்லாத பர்மிங்காமுக்கு நங்கூரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நாகப்பட்டினத்தைப் பார்த்து வளர்ந்த நான், அது கப்பல்காரர்களுக்கென்று செய்த கடிகாரம் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். 1773இல் பர்மிங்காமும் ஷெஃபீல்டும் தமக்கென்று சோதனைச்சாலை கேட்டு லண்டனுக்குப் போனபோது, கிரீடமும் நங்கூரமும் என்ற பெயர் கொண்ட விடுதியில் கூடிப் பேசினார்களாம். காரியம் கைகூடியதும் கிரீடத்தை ஷெஃபீல்டும் நங்கூரத்தைப் பர்மிங்காமும் எடுத்துக்கொண்டனவாம். அப்படித்தான் சொல்லி வருகிறார்கள்.

வெளிநாட்டில் செய்து கொண்டுவந்த தங்கத்துக்கு இந்த நங்கூரம் கிடைக்காது. பர்மிங்காம் அதற்குச் சமபக்க முக்கோணம் ஒன்றை இட்டது. லண்டன் 1906 முதல் சிம்ம ராசிக் குறியை இட்டது. அது பார்வைக்குக் கிரேக்க ஒமேகா எழுத்தைப் போலவே இருக்கும். இதைக் காட்டி, “ஒமேகா கம்பெனியின் சொந்த முத்திரை” என்று வேறு ஏதோ கடிகாரத்தை என்னிடம் விற்கப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் ஏமாற்றினாரா, அவரே ஏமாந்திருந்தாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கூட்டைப் படித்து முடித்தபின் மெஷினைப் பார்க்க வேண்டும். ரோஜாச் செம்பு நிறத்தில் பூச்சு கொண்ட ஒமேகா 265 என்ற வகை, அச்சுகள் தேயாமலிருக்கப் பதித்த 15 கல். 1939இல் வெளிவந்த முப்பது மில்லிமீட்டர் மெஷினின் வழிவந்தது. கீ கொடுத்தால் பல்சக்கரம் நகர்வது, நல்ல வேலைக்காரன் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுவதுபோல் சீராகக் கேட்கும். அதன் வரிசை எண் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கு மேல் தொடங்குகிறது. ஒமேகாவின் எண்கள் 1952 வாக்கில் அந்த அளவை எட்டின, 1954 வாக்கில் ஒரு கோடியே நாற்பது லட்சத்தை எட்டின. ஆக, மெஷின் செய்த காலமும் கூட்டின் எழுத்தும் கைகோத்துப் போகின்றன. ஓரிரண்டு ஆண்டு முன்பின் இருந்தால் கவலையில்லை; மெஷின் கடல் தாண்டி வந்து கூட்டுக்குக் காத்திருந்த காலம் அது. பத்தாண்டு வேறுபட்டால், யாரோ பிற்காலத்தில் செய்துவைத்த கட்டாயக் கல்யாணம் என்று கொள்ள வேண்டும்.

மூடியின் ஓரத்தில், முத்திரைகளுக்கு விலகி, ஊசிமுனையால் கீறியதுபோல் 12-4-71 என்று ஒரு தேதியும், அருகே ‘கு’ என்ற தமிழ் எழுத்தும் இருக்கின்றன. பழுது பார்த்தவர்கள் தம் அடையாளத்தை இப்படிக் கீறி வைப்பது உண்டு. குடந்தையின் முதலெழுத்தோ, கடைக்காரரின் முதலெழுத்தோ. அந்த ‘கு’வைப் பார்க்கும்போதெல்லாம், டென்னிசனுக்கும் சோதனைச்சாலைக்கும் பக்கத்தில் நம்மூர்க்காரர் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம்.

பெருமிதத்தைச் சொன்ன கையோடு வெட்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் இருபத்தைந்து ஆண்டு பணி முடித்தவர்களுக்கு நிறுவனங்கள் தங்கக் கடிகாரம் பரிசளிக்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. ஒன்பது காரட் கூடுகளில் பெரும்பகுதி அப்படிக் கைமாறியவையே. பின்மூடியின் வெளிப்புறத்தில் பணியாளரின் பெயரும் ஆண்டுகளும் செதுக்கப்பட்டிருக்கும். நான் முதன்முதலில் வாங்கியது அத்தகைய ஒன்று. யாரோ ஒருவர் பெயர் இருந்தால் பின்னால் விலை போகாது என்று விற்றவர் சொன்னதைக் கேட்டு, கும்பகோணத்தில் ஒரு மெருகுக் கடையில் கொடுத்து அந்த எழுத்துகளைத் தேய்க்கச் சொன்னேன். சக்கரத்தில் பிடித்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கட்டைவிரலால் மூடியை அழுத்தினேன். பிஸ்கட் டப்பா மூடிபோல் ‘டொக்’கென்று உள்வாங்கி வெளியே வந்தது. எழுத்தின் ஆழத்துக்குத் தங்கம் போய்விட்டிருந்தது. வார் மாட்டும் கொம்புகளின் கூர்மையும் மழுங்கி, சப்பிப் போட்ட மாங்கொட்டைபோல் ஆகிவிட்டது. அந்த மனிதர் இருபத்தைந்து ஆண்டு உழைத்து வாங்கிய பெயரை அரை மணி நேரத்தில் நான் அழித்தேன். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது, கட்டுவதில்லை.

இவ்வகைக் கடிகாரங்கள் காவிரிக் கடைமடையில் எப்படிக் கிடைக்கின்றன என்று நண்பர்கள் வியப்பார்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டுப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த ரஜூலா கப்பலை நினைத்துக்கொண்டால் வியப்புக்கு இடமில்லை. 1926இல் கட்டிய அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் நம் மாவட்டங்களின் ஆட்களை அங்கும், அங்கத்துச் சாமான்களை இங்கும் கொண்டுசேர்த்தது. ரப்பர்த் தோட்டத்துத் துரைமார்கள் ஊர் திரும்பும்போது கிராணிக்குக் கொடுத்தவை, சிங்கப்பூர்க் கடைகளில் வாங்கியவை, மிராசுதார்கள் சென்னையில் வாங்கியவை என்று பல வழிகளில் இவை பெட்டகங்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

வந்தவற்றில் எஞ்சியவை குறைவு. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் இவற்றுக்குக் கண்டம். என் கடிகாரக் கூட்டைத் தனியே நிறுத்திப் பார்த்தேன், பதினோரு கிராம். அதில் சுத்தத் தங்கம் நான்கு கிராமுக்கு மேல் ஒரு குன்றிமணிகூட இராது. அந்த அரைச் சவரனுக்காக மெஷினைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கூட்டைக் குகை என்னும் உருக்கும் கிண்ணத்தில் போட்டு ஊதிவிடுகிறார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். முந்தின வாரம்தான் உருக்கியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் எனக்குக் காபி கொடுத்து, உருக்கிவந்த மணியைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினார். சிவந்த, சின்ன, பெயரில்லாத மணி.

பத்தர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்று தங்கக் கட்டுப்பாடு வந்தது. எங்கள் வங்கிப் பத்தரின் தந்தை பட்டறையை மூடியது அப்போதுதான். 14 காரட்டில் தாலி செய்ய யார் வருவார்கள்? அங்கே ஒரு வரியின் நிழலில் கூடு செய்கிறவர்கள் பிழைத்தார்கள். இங்கே ஒரு சட்டத்தால் பட்டறைகள் குளிர்ந்தன. குறைந்த காரட் என்ற சொல்லைக் கேட்டாலே பத்தருக்கு ஏன் முகம் சுளித்தது என்பதை, அவர் ஓய்வுபெறும் நாளில் இதைச் சொன்ன பிறகுதான் புரிந்துகொண்டேன்.

பராமரிப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் கூடுகள் பெரும்பாலும் அழுத்தி மூடுபவை, தண்ணீருக்கு ஆகாதவை. சம்பா அறுவடையின்போது களத்துத் தூசியில் கட்டக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் வைக்க வேண்டும். கந்தகமும் வியர்வையும் பட்டால் செம்பு கலந்த தங்கம் கறுக்கும். மென்துணியால் துடைத்தால் போதும். மெருகுக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

2013இல் மன்னார்குடியில் முதிய கடிகாரக்காரர் ஒருவரின் கடைக்குப் போயிருந்தேன். உருக்குகிறவர்கள் பிடுங்கிப் போடும் மெஷின்களை உதிரிக்காக மொத்தமாக வாங்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். கிளறிக்கொண்டிருந்தபோது, கூடு இல்லாத ஓர் ஒமேகா முகப்போடு கையில் வந்தது. ஒன்பதாம் எண்ணுக்கு அருகே, எண்ணெய் சொட்டிக் காய்ந்ததுபோல் ஒரு பழுப்புப் புள்ளி.

“பாம்பேல சொல்லிவிட்டா ஸ்டீல் கேஸ் ஒண்ணு வரும் சார், ஐந்நூறு ரூபாதான் ஆகும்” என்றார் அவர். வேண்டாம் என்றேன். எண்ணெய் போட்டுக் கழுவிக் கொடுத்தார், ஓடுகிறது. அதை ஒரு சிமிழில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் கீ கொடுக்கிறேன். வரிசை எண்ணைக் கொண்டு மெஷின் எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது. கூடு எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அந்தத் துரை அதை எப்போது வாங்கியிருக்கக்கூடும் என்பதைச் சொல்லும் எழுத்து மூடியோடு போய்விட்டது. பத்தர் அன்று மூடியைத் திருப்பி என் கண்ணெதிரே பிடித்திருந்தார். நான் நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கு அடுத்திருந்த எழுத்தைப் பார்க்கவில்லை.